பக்கத்துக் கட்டில்காரரின் கேள்விகள்

“இந்த ஆளு இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டாரு” என்று பல்லைக் கடித்தார் ஃபக்ருதீன்.

காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரம் செய்பவர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மனைவி ஜுபைதாவைப் புற்றுநோய் மருந்து ஏற்ற இந்த மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார். இது மூன்றாவது தடவை.

“இதோட போதுங்க. பட்டுப்போன மரத்துக்கு எதுக்குத் தண்ணி?” என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள் ஜுபைதா.

பக்கத்துக் கட்டிலில் கிரேஸ் என்ற இளம்பெண்; அவளுக்கும் அதே மருந்துதான். அவளுடைய கணவர் டேனியல் நர்ஸ் துளசியை நகரவே விடவில்லை.

“சிஸ்டர், கேன்சரை இந்த மருந்தே கொன்னுடுமா?”

“இது ஆன்டிபாடி சார். கேன்சர் செல் மேல போய் ஒட்டிக்கும். நம்ம ரத்தத்துல நேச்சுரல் கில்லர்னு ஒரு செல் இருக்குது. மருந்து ஒட்டியிருக்கறதைப் பார்த்தா அதுக்கு வேகம் வந்துடும். கேன்சர் செல்லைப் பிடிச்சுக் கொல்லும்.”

“அப்போ நம்ம உடம்பும் சேர்ந்துதான் சண்டை போடுது?”

“ஆமா சார்.”

ஜுபைதா தலையைத் தூக்கினாள். “சிஸ்டர்...”

“நீ கம்முனு படு. அவங்களுக்கு ஆயிரம் வேலை” என்றார் ஃபக்ருதீன்.

டேனியல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அறுபது வயசுல அந்த செல் இருக்குமா?”

“எந்த வயசுலயும் இருக்கும் சார்.”

“சர்க்கரை இருந்தா?”

“அவங்களுக்கும் இருக்கும். சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வச்சுக்கணும், அவ்ளோதான்.”

ஃபக்ருதீனுக்குப் பொறுமை போய்விட்டது. “ஏம்பா, உன் சம்சாரத்துக்கு முப்பது வயசு. சர்க்கரையும் கிடையாது. நர்ஸம்மாவை நிக்க வச்சுக்கினு பரீட்சையா நடத்தறே?”

“தப்புதான் பாய். இன்னும் ஒண்ணே ஒண்ணு. பாதியில விட்டுட்டா என்ன ஆவும் சிஸ்டர்?”

“கேன்சர் மறுபடி தலை தூக்கலாம் சார். டாக்டர் சொன்ன வரைக்கும் வரணும்.”

ஃபக்ருதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜுபைதாவுக்கு மருந்து இறங்கி முடிந்தது. துளசி ஊசியை எடுத்துவிட்டு, “அம்மா, அடுத்த தேதி போடட்டுமா?” என்றாள்.

“போடும்மா” என்றாள் ஜுபைதா.

ஃபக்ருதீன் திகைத்தார். “காலையில போதும்னியே?”

“சந்தேகம் இருந்துச்சு. தீர்ந்துடுச்சு.”

“நீ எங்கே கேட்டே?”

ஜுபைதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“என்னைத்தான் நீங்க கேக்க விடறதில்லையே. அதான், நீங்க தொழுகைக்குப் போனப்போ, என் வயசையும் சர்க்கரையையும் சொல்லி, எனக்காக டேனியல் சாரைக் கேக்கச் சொன்னேன்.”