வாசல் பக்கம்

"தோ, ஜொவி வந்துட்டா! வாசல் பக்கம் திரும்பும்மா."

கெங்கம்மா தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, நோகாமல் ஒருக்களித்துத் திருப்பினாள். முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தாள்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கட்டிலில் கிடந்தது பிளாஸ்டிக் பொம்மை.

"பொம்மைக்கு விருந்தாளியா? இன்னாக்கா, காபி குடுத்தியா?" என்றாள் கூடப் பயிற்சிக்கு வந்த அஃப்சருன்னிசா.

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து மாடியில், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் அது. இந்த ஒரு நாள் பயிற்சியில் தேறினால் நாளைக்கே மயிலாப்பூரில் ட்யூட்டி. தவறினால் மறுபடி சித்தாள் வேலைதான். கெங்கம்மாவின் முட்டி அதைத் தாங்காது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. காலையில், "பெத்த அம்மாவா நெனச்சுப் பாத்துக்கணும்" என்று பாடத்தை ஆரம்பித்தவள் அவள்தான். மார்க் போட எடுத்த பேனா அப்படியே நின்றது.

"யாரும்மா அது? பேஷண்ட்கிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"வாய்ப் பழக்கம் டீச்சர். ஆதம்பாக்கத்துல ஒரு வயசானவங்க ஹோமுல பெருக்கிக்கினு இருந்தேன். அங்க ஒரு கெயவி, முதுகெல்லாம் புண்ணு. ஆள் பத்தாம என்னையே மருந்து போடச் சொல்லுவாங்க. தொட்டா கத்தும், திரும்பாது. மவ பேரச் சொல்லி, 'ஜொவி வந்துட்டா'ன்னா மட்டும் வாசப் பக்கம் தானாத் திரும்பும். அந்த நேரத்துல போட்டுடுவேன்."

"ஏமாந்துட்டு அழாதாக்கா?" என்றாள் அஃப்சருன்னிசா.

"அழும். அடுத்த தபா சொன்னா மறுபடி திரும்பும். மூணு வருசம்."

"அந்த மவ வரவே இல்லியா?"

"ஊருக்கே பாடம் எடுக்குறாளாம், டயம் இல்லியாம். கெயவியே சமாதானம் சொல்லிக்கும். உசுரு போனப்பவும் மூஞ்சி வாசப் பக்கந்தான் இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. வேலை போச்சு என்று நினைத்த கெங்கம்மா கையைக் கூப்பினாள்.

"தப்புதான் டீச்சர். இனிமே சொல்ல மாட்டேன். ஃபெயிலு மட்டும் போட்றாதீங்க."

டீச்சர் நிமிரவே இல்லை. சீட்டில் என்னவோ எழுதி, கையெழுத்தைப் போட்டு, கீழே தன் முத்திரையையும் குத்தி நீட்டினாள். இன்னும் ஆறு பேருக்கு டெஸ்ட் பாக்கியிருக்க, விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

"இன்னாக்கா போட்டுக்கீது, பாஸா?"

முதியோர் கல்வி வகுப்பில் கெங்கம்மா எழுத்துக் கூட்டப் பழகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'தேர்ச்சி' என்பதைப் படித்ததும் முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷத்தோடு, முத்திரையில் இருந்த டீச்சர் பெயர்மேலும் விரலை வைத்து, சத்தமாகக் கூட்டினாள்.

"ஜொ... வி..."