பொம்மைக்குப் பதிலாள்

தண்ணீர் இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று ஆடிட்டர் எதிர்பார்க்கவில்லை.

ஏரியின் நடுவில், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுக்குள் கழுத்துவரை புதைந்து, ஊறப்போட்ட துணி மாதிரி மிதந்துகொண்டிருந்தார். படகுச் சங்கத்தின் சின்னப் பாய்ப்படகைத் திருப்பிக்கொண்டு அவரை நோக்கி அவருடைய மனைவி வந்துகொண்டிருந்தாள்.

தேர்வு அவளுக்கு. படகிலிருந்து தவறி விழுந்த ஆளை மீட்டு வரவேண்டும். அதற்கு மூன்று சுற்று கொடுப்பார்கள். மூன்றிலும் விட்டுவிட்டால் அடுத்த வருடம்தான்.

வழக்கமாகத் தவறி விழுகிற ஆள் ஒரு பொம்மை. பழைய சட்டைக்குள் தக்கையை அடைத்து, பந்து ஒன்றைத் தலையாக வைத்துத் தைத்தது.

போன மாதம் ஆடிட்டர் தன்னுடைய தேர்வில் அதை மீட்கப்போய், அதன் மேலேயே படகை ஏற்றிவிட்டார். சட்டை கிழிந்து தக்கையெல்லாம் ஏரியோடு போய்விட்டது. தலையையாவது கொண்டுவந்தாரே என்று, போனால் போகிறதென்று பாஸ் போட்டார்கள். வீட்டில் அவர் சொன்ன கதையில் தப்பு முழுக்க பொம்மையுடையது.

பொம்மையைத் தொலைத்தவர், புதுப் பொம்மை வரும்வரை தானே பொம்மையாக மிதக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் எழுதாத சட்டம்.

மிதப்பதுகூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பதிகளுக்கான போட்டி இருக்கிறது. இரண்டு பேரும் பாஸ் செய்திருந்தால்தான் களத்தில் இறங்க முடியும். படகைத் திருப்புகிற சுக்கான் தனக்கு, சொன்னபடி பாயை இழுக்கிற கயிறு அவளுக்கு என்று அவரே தீர்மானித்து, ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. மச்சினன் வேறு குடும்பத்தோடு வருகிறான். இவள் இன்றைக்குக் கோட்டைவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

அதனால் படகு கிட்டே வந்ததும் ஆடிட்டர் வாயைத் திறந்தார்.

"இடது பக்கம் திருப்பு. பாயைத் தளர்த்து. இப்ப இல்லடி, நான் சொல்றப்ப. ஐயோ, இப்பத்தான்."

படகு அழகாக வந்தது. வேகம் குறைந்தது. அவர் கையை நீட்டினார். ஒரு கை தூரத்தில், பாய் மறுபடியும் காற்றைப் பிடித்துக்கொள்ள, படகு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

படகின் முனையில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் பேசக்கூடாது. அந்தப் பெண் விசிலை ஒரு தடவை ஊதினாள். ஒரு சுற்று போயிற்று.

இரண்டாவது சுற்றில் ஆடிட்டர் இன்னும் விவரமாகச் சொன்னார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொன்னார். கயிற்றை எப்படிப் பிடிக்கக் கூடாது என்று சொன்னார். போன வருடம் காரைப் பின்னால் எடுக்கும்போது அவள் கேட்டில் இடித்ததையும் சொன்னார். இதே கவனக்குறைவுதான் அதுவும் என்று அடித்தொண்டையில் கத்தினார்.

படகு அவர் கண்ணெதிரே, அதே ஒரு கை தூரத்தில், அமைதியாகக் கடந்து போயிற்று.

மறுபடி விசில்.

அவள் தூரத்தில் போய்த் திரும்பினாள். இனி ஒரே ஒரு சுற்று. ஆடிட்டர் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு தயாரானார். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து நேராக வாய்க்குள் போயிற்று. புரைக்கேறி, கண்ணில் நீர் வந்து, குரல் கம்மிப்போய்விட்டது.

வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார்.

அவள் இவரைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்தாள், கரையில் படபடத்த கொடியைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். காலால் மிதித்து ஓட்டுகிற வாத்துப் படகில் உட்காரவே பயந்தவள். இவருடைய போட்டிக்காக ஒரு சனிக்கிழமை விடாமல் வந்து கற்றுக்கொண்டவள். இன்றைக்குத் தோற்றால் அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டப்போவது யார் என்று ஆடிட்டருக்கு நன்றாகவே தெரியும். அவருக்கு வெட்கமாக இருந்தது. பாவம், பிடித்துவிடட்டும் என்று மனசார நினைத்தார்.

குரல் திரும்பி வந்தது. இருந்தும் அவர் கத்தவில்லை.

படகு வந்தது. பாய் தளர்ந்து சடசடவென்று அடித்துக்கொள்ள, அவர் தோளோடு தோளாக, கட்டிப்போட்டது மாதிரி நின்றது. அவளும் பயிற்சியாளருமாக அவரை அரிசி மூட்டை போல் புரட்டி உள்ளே போட்டார்கள்.

பயிற்சியாளர் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "பாஸ்," என்றாள்.

ஆடிட்டருக்கு நிஜமாகவே சந்தோஷம். பல் கிடுகிடுத்தாலும், பெரிய மனசோடு மனைவியின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவாயில்ல, கடைசிலயாவது பிடிச்சிட்டே. முதல் ரெண்டு சுத்துல நீ எங்க தப்புப் பண்ணேன்னு வீட்டுக்குப் போய்ச் சொல்லித் தர்றேன்."

அவள் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எனக்கு ஒரு சுத்து போதும். மிச்சம் ரெண்டும் நீங்க பேசி முடிக்கறதுக்கு விட்டேன்."

பயிற்சியாளர் சட்டென்று அக்கரையில் எதையோ பார்க்க ஆரம்பித்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஆடிட்டர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு சுக்கான் பக்கம் திரும்பாமல், காலடியில் கிடந்த கயிற்றை மெல்ல எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.