பீற்றர்பரோ அண்ணை

“அண்ணை, பால்த் தேத்தண்ணியோ, பிளேன்ரீயோ?” என்று கேட்டாள் பேபி.

“எதெண்டாலும் சரி, தங்கச்சி. கரைச்சல்படாதை.”

இரத்தினவேல் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே, மடியில் ஐபாட்டுடன், இன்சூரன்ஸ் கொம்பனி அனுப்பிய அட்சயா. இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது.

பேபிக்கு அவர் தாலி கட்டி இருபத்தாறு வருடம். ஸ்காபரோவில், வோபர்னில் இருக்கும் இந்த வீட்டுக்கு மாதாமாதம் மோட்கேஜ் கட்டுவதும் அவர்தான். வீட்டுப் பத்திரமும் வீட்டு இன்சூரன்ஸும் மட்டும் பேபியின் பெயரில் இருந்தன.

கார் அவர் பெயரில். ஆனால் காகிதத்தில் அது ஒன்றரை மணித்தியாலம் தள்ளியிருக்கும் பீற்றர்பரோ என்ற சின்ன ஊரில் வசித்தது. ஸ்காபரோ விலாசத்துக்கு இன்சூரன்ஸ் கட்டினால் கறுப்புச் சந்தையில் சிறுநீரகம் விற்க வேண்டும் என்று சொல்லி, அங்கே இருக்கும் தன் வீட்டு விலாசத்தைக் கொடுத்தவன் சிநேகிதன் வின்சன்ற். மாதம் நூற்றெண்பது டொலர் மிச்சம். நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை.

போன செவ்வாய் விடியற்காலை அவர் யாழ்ப்பாணம் போக ரிக்கற். தம்பி மகளின் கலியாணம். முதல்நாள் பின்னேரமே இரண்டு சூட்கேஸையும் காரில் ஏற்றித் தெருவோரம் விட்டிருந்தார். விடியப் பார்த்தால் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது; சூட்கேஸ் இரண்டையும் காணவில்லை. மூன்று லப்ரொப், ஐந்து போன், கலியாணப் பொம்பிளைக்குச் சீலைகள், சனத்துக்குச் சேர்த்த சாமான்கள். ஒன்பதினாயிரம் டொலர்.

வெறுங்கையோடு போய் இறங்க முடியாது. பயணத்தை ஒரு கிழமை தள்ளினார். பேபியை இதற்குள் இழுக்காமல், இரண்டு சூட்கேஸும் தன்னுடையவை என்று பொலிசுக்கு எழுதிக் கொடுத்தார். சுவரில் இருந்த கலியாணப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். விலாசம் பொய் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் பொலிசி போகும், காசும் போகும்.

“சோ, அங்கிள், அண்டைக்கு மட்டும்தான் இஞ்சை நிண்டனீங்கள்?”

“ஓம் பிள்ளை. எயர்போட்டுக்குக் கிட்டவெண்டு தங்கச்சி வீட்டிலை ஒரு இரவு படுத்தனான்.”

“இஞ்சை இருக்கிறேல்லை?”

“சீச்சீ. பீற்றர்பரோவிலை வின்சன்ற் எண்டொரு சிநேகிதன்ரை வீட்டிலை ஒரு அறை.”

அட்சயா எழுதாமல் அவரையே பார்த்தாள். “யோசிச்சுச் சொல்லுங்கோ, அங்கிள். கொஞ்ச நாளாவது இஞ்சை இருந்தனீங்களோ? கடிதம் ஏதும் இந்த அட்ரஸுக்கு வாறதோ?”

பொறி வைக்கிறாள் என்று அவருக்கு விளங்கியது.

“எனக்கு இந்தத் தெருவின்ரை பேரே வடிவாத் தெரியாது, பிள்ளை.”

பேபி தட்டத்துடன் வந்தாள். “இஞ்சாருங்கோ,” என்று புருசனைக் கூப்பிடும் பழக்கத்தில் அவர் பக்கம் நீட்டியவள், அப்படியே அரைவட்டம் திரும்பி, “இஞ்சாருங்கோ பிள்ளை, பிஸ்கற்றும் எடுங்கோ,” என்றாள்.

“தாங்ஸ் அன்ரி. இந்த வீட்டிலை ஆர் ஆர் இருக்கிறீங்கள்?”

“நானும் மகளும்.”

“உங்கட ஹஸ்பண்ட்?”

இதை அவர்கள் ஒத்திகை பார்க்கவில்லை. வேலைக்குப் போய்விட்டார் என்றால் இந்தப் பிள்ளை நாளைக்கும் வரும்.

“மச்சான் செத்துப் போட்டார்,” என்றார் இரத்தினவேல். “மூண்டு வருசம்.”

பேபியின் கை கழுத்துத் தாலிக்குப் போனது. அட்சயாவின் பார்வை அவள் நெற்றிக் குங்குமத்தில் ஒரு கணம் நின்றது. கனடாவில் பிறந்த பிள்ளை. ஒன்றும் கேட்கவில்லை.

“ஐ ஆம் சோ சொறி, அன்ரி.”

“நல்ல மனுசன்,” என்றார் இரத்தினவேல், வாய் சும்மா கிடக்காமல்.

“அப்பிடியொண்டும் இல்லை,” என்றாள் பேபி.

அட்சயா பெருமூச்சு விட்டு ஐபாட்டை மூடினாள். “ஓகே, அங்கிள். நீங்கள் சொல்லுறதை நான் அக்செப்ற் பண்ணுறன். பீற்றர்பரோதான்.”

இரத்தினவேல் அன்று முதல்முறையாகச் சோபாவில் சாய்ந்தார். “அப்ப காசு எப்ப வரும், பிள்ளை?”

“கண்ணாடிக்கு நானூற்றெண்பது டொலர். உங்கட கார் பொலிசியிலை முதல் ஐந்நூறு நீங்கள்தான் கட்டோணும். சோ, அதுக்கு ஒண்டும் வராது.”

“சூட்கேஸ்?”

“காருக்குள்ளை இருக்கிற சாமானைக் கார் இன்சூரன்ஸ் பாக்காது, அங்கிள். அது வீட்டு இன்சூரன்ஸ். பீற்றர்பரோவிலை உங்கட அறைக்கு எடுத்திருக்கிறீங்களோ?”

இல்லை என்று தலை அசைந்தது.

“அன்ரின்ரை வீட்டு இன்சூரன்ஸும் எங்களிட்டைத்தான். நல்ல பொலிசி. சாமான் தெருவிலை நிண்ட காருக்குள்ளை போனாலும் பாக்கும். அதுக்குத்தான் நான் திருப்பித் திருப்பிக் கேட்டனான். ஆனா, இந்த வீட்டிலை இருக்கிற ஆக்களின்ரை சாமானா இருக்கோணும்.”

அவள் எழுந்து வாசலில் சப்பாத்தைப் போட்டாள். இரத்தினவேல் பேபியைப் பார்த்தார். பேபி கூரையைப் பார்த்தாள்.

“பிள்ளை, ஒரு நிமிசம்,” என்றார் அவர். “ஆர் ஆரின்ரை சாமானெண்டால் குடுப்பியள்?”

“அன்ரின்ரை. மகளின்ரை. ஆனா, உங்கடையெண்டு பொலிசுக்கு எழுதிக் குடுத்திட்டீங்களே.” அட்சயா கதவைத் திறந்து, துக்க வீட்டில் விடைபெறுகிறவள்போலக் குரலைத் தாழ்த்தினாள்.

“அன்ரின்ரை மனுசன் உயிரோடை இருந்து, இது அவரின்ரை சாமானெண்டால், முழுக் காசும் தந்திருப்பம்.”