பதில் பேசாத வீரன்

“நீ ஆடுற அந்த கேம்ல சுத்துறதெல்லாம் நெசமான ஆளுங்களா, பொம்மைங்களா?” என்று ஒருநாள் பிலோமின்ராஜ் மகளிடம் கேட்டார். அவர் பீங்கான் பொம்மை வார்ப்பவர்.

பள்ளியை விட்டதற்குத் திட்டியதிலிருந்து ஜோஸ்பின் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“ஆயிரக்கணக்கான பேரு ஒண்ணா வேஷம் கட்டி வாழுற ஊரு அது. நாம எழுந்து வந்தாலும் அது பாட்டுக்கு நடக்கும். பதில் பேசினா ஆளு, பேசலன்னா பொம்மை” என்றாள் வெடுக்கென்று.

மறுவாரம் முதல் பிரவுசிங் சென்டரில் அவள் எப்போது விளையாடினாலும் அந்த ஊரில் ஒரு கிழட்டு வீரன் பின்னாலேயே வந்தான். “யார் நீ?” என்று டைப் அடித்துக் கேட்டால் பதில் வராது. பொம்மைதானே என்று வெட்டிச் சாய்த்துப் பாயிண்ட் சேர்த்தாள்.

இன்றும் வெட்டினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் ராபர்ட் சிரித்தார்.

“என்ன மாமா, மறுபடியும் செத்துட்டீங்களா? யாருன்னு கேக்குதே, பதில் அடிக்கக் கூடாதா?”

“அப்பான்னு அடிக்கத்தான் எழுத்தைத் தேடுறேன் தம்பி. அதுக்குள்ள வெட்டிடுது.”

ஜோஸ்பின் எழுந்து எட்டிப் பார்த்தாள். கீபோர்டெல்லாம் பீங்கான் வார்க்கும் வெள்ளை மண். ‘மன்னிச்சிடுப்பா’ என்று சொல்ல வாயெடுத்தாள்.

நிமிர்ந்து பார்த்த அப்பா, பிடிபட்ட கூச்சத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனார்.