தண்ணீர் தயாரானதும்

ஞாயிறு பூசை முடிந்த நேரம். இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போன மனைவி வியோரிகா போனில் கூப்பிட்டாள். கீழே மீனும் மேலே கீரையுமாக வளர்க்கக் கட்டிய தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து டோடர் பேசினான்.

“தண்ணி தயாராச்சா?”

“இன்னும் இல்ல. மீனோட கழிவைத் தின்கிற நல்ல கிருமி முதல்ல பெருகணும். அதுக்குள்ள மீனை விட்டா செத்து மிதக்கும்.”

“அந்தக் கிருமி கடையில கிடைக்காதா?”

“வாங்கி ஊத்தினேன். குளிர்ல செத்துப் போச்சு.”

“நீ தொட்டதெல்லாம் இப்படித்தான்,” என்று சிரித்தாள். “நீ மீனை விடுற அன்னிக்கே நம்மூரு வஸ்லூய்க்கு பஸ் ஏறிடறேன். இங்க கிழவிக்குப் பீ மூத்திரம் அள்ளினது போதும்.”

அப்போது அவள் பக்கத்தில் ஒரு குழந்தை “மம்மா” என்று அழுதது. சட்டென்று அவள் போனைப் பொத்துவது கேட்டது.

அவள் திரும்ப வந்ததும் டோடர், “இந்த மாசமும் ஆகாதுன்னுதான் தோணுது,” என்றான்.

“சரி, மெதுவாவே செய்.” அவள் குரலில் நிம்மதி தெரிந்தது.

போனை வைத்தபோது பக்கத்து வீட்டு கீட்சா வாளியோடு வந்து நின்றான்.

“அண்ணே, குருத்தோலை ஞாயிறு. நோன்புல இன்னிக்கு மீன் தின்னலாம். போன வருஷம் குடுத்த மாதிரி பெரிய கெண்டையா ரெண்டு பிடிச்சுக் குடு.”

டோடர் அதே தொட்டிக்குள் வலையை விட்டான்.

“அண்ணி எப்ப வர்றாங்களாம்?”

துள்ளுகிற கெண்டையை வாளியில் போட்டபடியே டோடர் சொன்னான்:

“தண்ணி தயாரானதும்.”