பிறந்த தேதி மேல கட்டைவிரல்

"விரலை எடுங்க மேடம்."

மூணாவது தடவையா கேக்குறேன். அடையாள அட்டையை போன்ல போட்டோவா காட்டுறாங்க, ஆனா பிறந்த தேதி மேல கட்டைவிரல் பசை போட்ட மாதிரி உக்காந்திருக்கு.

எங்க பார்ல பல்லு போன தாத்தா வந்தாலும் ஒரிஜினல் கார்டு வேணும். பிறந்த தேதியைத் தட்டினாதான் மெஷின் பில்லே போடும். போன் போட்டோ செல்லாது, ஜெராக்ஸ் செல்லாது, சிரிச்சு மழுப்புறதும் செல்லாது.

இருபத்தஞ்சாவது கல்யாண நாளாம். ரெண்டு பேரும் சேர்ந்து முதல் தடவையா ஒயின் குடிக்கணும்னு ஆசையாம். புருஷன் மெனுவுக்குள்ள தலையை விட்டவர் வெளியவே வரல. அந்தம்மா, எனக்கு ஜூஸே போதும்னு முறுக்கிக்கிட்டாங்க. இந்த வயசுல இவ்வளவு வீம்பான்னு பக்கத்து டேபிள்காரர் நல்லா கேக்குற மாதிரியே முனகினார். எனக்கும் அதே நினைப்புதான். சம்பளம் வாங்குறதால சிரிச்சுக்கிட்டு நின்னேன்.

கவுன்டருக்கு வந்தா, பின்னாடியே ஓடி வந்துட்டாங்க. கைப்பையோட அடிமட்டத்துலேர்ந்து கார்டை உருவி நீட்டினாங்க.

"தம்பி, நான் அவரை விட மூணு வயசு பெரியவ. ரெண்டு வயசு சின்னவன்னு சொல்லித்தான் கட்டிக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் மனுஷனுக்குத் தெரியாது. காட்டிக் கொடுத்துடாதப்பா."

வந்த சிரிப்பை முழுங்கிட்டு தேதியைத் தட்டினேன். கேட்ட சத்தியத்தையும் பண்ணிக் கொடுத்தேன். நிம்மதியா முகம் கழுவப் போனாங்க.

அடுத்த நிமிஷம் புருஷன் ஆஜர். அவர் கார்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போட்டோல முடி கன்னங்கரேல்னு இருக்கு. எதிர்ல நிக்கிறவர் தலை பஞ்சு மூட்டை. மகன் கார்டை எடுத்துட்டு வந்துட்டீங்களா சார்னு கேட்டேன். ஆள் பொருந்தலன்னா ஒயின் கிடையாதுன்னும் சொல்லிட்டேன்.

அவர் பாத்ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, கவுன்டர் மேல சாஞ்சு குரலை இறக்கினார்.

"மூக்கு மேல மச்சத்தைப் பாருப்பா, நான்தான். போன வருஷம் எடுத்த போட்டோ. அவ வயசு எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும், ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடும்போதே பார்த்துட்டேன். போன வருஷம் ஒரு விசேஷத்துல எவனோ ஒருத்தன், கூட வந்திருக்கிறது உங்க அக்காவான்னு கேட்டுட்டான். ரெண்டு நாள் அவ சரியா சாப்பிடல. அதுலேர்ந்து மாசம் ரெண்டு தடவை சலூனுக்குப் போய், முடியை வெளுத்து, காசு கொடுத்து நரைச்சுக்கிறேன்."