பேண்ட் பொய் சொல்லாது

மருந்துக் கடை வாசலில் தராசுக்காரரின் பேண்ட் தையல் விட்டது.

பூனையைப் பார்த்த நாய் சாது இடப்பக்கம் பாய்ந்தது. எதற்கென்றே தெரியாமல் சமத்து வலப்பக்கம் பாய்ந்தது. இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் அவர் குனிந்தார். அவ்வளவுதான், பின்பக்கத் தையல் இடுப்பிலிருந்து சர்ரென்று பிரிந்துகொண்டு போனது.

நாய்களுக்கு அப்படிப் பெயர் வைத்த மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். பெயர் பொருந்தவில்லை என்று முறையிடக்கூட ஆளில்லை.

கயிறுகளை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பேண்டைப் பிடித்துக்கொண்டு, கடை வாசலில் நிற்கும் ஆளுயர எடை மெஷினுக்குப் பின்னால் ஒளிந்தார். கடை இன்னும் திறக்கவில்லை. ஆனால் தெருவில் ஓடுகிறவர்கள் கூட்டம். இரண்டு வாரமாகவே இப்படித்தான். தன்னைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் ரோஷம் வந்திருக்கிறது என்று அவருக்குள் ஒரு பெருமை ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஓட ஆரம்பித்தது இது நான்காவது தடவை.

அவருடைய அண்ணன் ஐம்பத்து மூன்று வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. இவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. அண்ணனுக்கு இருந்த அதே தொப்பை. "எனக்கு பயமா இருக்குங்க" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். அன்றைக்கே கட்டிலுக்கடியில் கிடந்த ஷூவைத் தூசி தட்டி எடுத்தார்.

முந்தைய மூன்று தடவையும் ஒரே கதை. இரண்டு வாரம் ஓடுவார். பேண்ட் கொஞ்சம் லூசாகும். குறைந்தாயிற்று என்று அறிவித்து, கேக் வாங்கி வந்து வெட்டிவிட்டு, ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்.

எடை பார்த்திருக்கலாமே என்பீர்கள். முப்பது வருஷமாகத் தராசு ரிப்பேர் செய்கிறவர் தராசை நம்புவாரா? அவருக்கு ஒரே அளவு, தையல் வேலை செய்யும் மனைவி தைத்துக் கொடுத்த இந்தச் சாம்பல் நிற பேண்ட்தான். எலாஸ்டிக் கிடையாது, இடுப்பில் கொக்கி. தராசு பொய் சொல்லும், பேண்ட் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

இந்தத் தடவை பேண்ட் அசைந்தே கொடுக்கவில்லை.

மூன்று மாதம் நாய்கள் இழுத்த இழுப்புக்கெல்லாம் ஓடினார். யார் வீட்டுத் தோட்டத்துக்குள்ளோ புகுந்து வசவு வாங்கினார். சர்க்கரையை விட்டார், சாப்பாட்டைப் பாதியாக்கினார். முதல் நாள் மூச்சைப் பிடித்து மாட்டிய கொக்கியை, தொண்ணூறாம் நாளும் மூச்சைப் பிடித்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது. புலம்பினால் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், இன்னும் கொஞ்சம் ஓடுங்கள் என்பாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே எடை மெஷினைச் சர்வீஸ் செய்ய வந்தார். எடைக்கற்களை மறந்து வந்துவிட்டதால், தானே மேலே ஏறி நின்று பார்த்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய எடையைவிடப் பதினோரு கிலோ குறைத்துக் காட்டியது முள். பேண்ட் இப்படி இறுக்கும்போது பதினோரு கிலோ குறைவா? யாரிடம் கதை விடுகிறாய் என்று சிரித்தபடி பின்பக்கத் திருகாணியைத் திருகி, முள்ளைப் பழைய எடைக்கே கொண்டுவந்து 'சரி'செய்துவிட்டுப் போனார்.

இப்போது அதே மெஷினுக்குப் பின்னால் நின்று, பிரிந்த தையலை முன்னால் இழுத்துப் பார்த்தார்.

உள்ளே இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. அதில் வரிசை வரிசையாகப் பழைய ஊசித் துளைகள். தைத்து, பிரித்து, இன்னும் உள்ளே தள்ளித் தைத்து, மறுபடி பிரித்து. ஆறு கோடுகள் இருந்தன. வாழ்நாளெல்லாம் தராசுக் கோடுகளைப் பார்த்த கண்ணுக்குப் புரிய நேரமாகவில்லை.

துணி விளிம்பை ஒட்டியிருந்த முதல் கோட்டில் துளையோடு துளையைச் சேர்த்துப் பிடித்தார். வயிற்றுக்கும் பேண்டுக்கும் நடுவில் சாதுவையே உள்ளே விடலாம்.

முதலில் கோபம்தான் வந்தது. தான் இளைக்க இளைக்க, ஞாயிற்றுக்கிழமை துவைக்கப் போட்ட பேண்டைத் திருட்டுத்தனமாக எடுத்து, அரை விரல் அரை விரலாக அவள் பிடித்துத் தைத்த பயத்தை நினைத்ததும் அது இறங்கிவிட்டது.

அப்போது மெஷின் அதிர்ந்தது. முன்பக்கம் யாரோ ஏறியிருந்தார்கள். "ஐயோ, இன்னைக்கும் குறையலையே!" என்று எதிர்வீட்டு வங்கி மேனேஜரின் குரல். இறங்கினார். தொப்பையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். அடுத்தவர் ஏறினார், பெருமூச்சு விட்டார், அவரும் ஓடினார்.

தராசுக்காரருக்கு வேர்த்தது. தெருவுக்கு வந்திருப்பது ரோஷமில்லை, பதினோரு கிலோ.

திருகாணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன்மேல் விரலைக்கூட வைத்தார்.

திரும்பி வந்த சாதுவின் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தபோது, பிரிந்த தையலைப் பார்த்த மனைவிக்கு முகம் வெளிறிப்போனது.

"நூல் இத்துப்போச்சு போல. கெட்டி நூலாப் போட்டு, இன்னும் ஒரு விரல் பிடிச்சே தைச்சுடு" என்றார்.

அவள் பேண்டை வாங்கிக்கொண்டாள். பேச்சை மாற்றுவதற்கோ என்னவோ, இப்படிக் கேட்டாள்.

"நேத்து அந்த மருந்துக் கடை மெஷின்ல ஏறிப் பாத்தேங்க. ஏகத்துக்குக் காட்டுது. கெட்டுப்போச்சா?"

"இப்பதான் பாத்துட்டு வரேன், சரியாத்தான் இருக்கு" என்றார் அவர். "நாளைக்கு சமத்தை நீ பிடிச்சுக்கோ."